பப்பாளியைக் காப்பாற்றிய குட்டிக் குளவி

கொல்லையில் ஒரு பப்பாளி மரம் நின்றால் அந்த வீட்டில் பழத்துக்குப் பஞ்சமில்லை. விதை முளைத்து ஒரு வருஷம் ஆவதற்குள் பழம் பறித்துவிடலாம். காயைக் கூட்டு வைக்கலாம். பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். எரு வாங்க வேண்டியதில்லை, ஆள் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் பாய்ந்தாலே வளர்ந்துவிடும். அதனால்தான் ஏழை வீடு, பணக்கார வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லார் கொல்லையிலும் இந்த மரத்தைப் பார்க்கிறோம்.

இப்படிப்பட்ட மரத்துக்கு 2008-ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆபத்து வந்தது. மூன்று வருஷம் தமிழ்நாட்டையே அது ஆட்டிவைத்தது. கடைசியில் அந்த ஆபத்தைத் தீர்த்தது மருந்து அல்ல; இயந்திரமும் அல்ல. கடுகைவிடச் சிறிய ஒரு குளவி!

அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அந்தப் பூச்சி இன்னும் நம் கொல்லையை விட்டுப் போய்விடவில்லை. எப்போதாவது தலைகாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அப்போது நாம் செய்கிற காரியம் மரத்தைக் காக்கவும் செய்யலாம், கெடுக்கவும் செய்யலாம்.

மாவு தூவியது யார்?

பப்பாளி இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நரம்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா? காயின் காம்பைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போல் இருக்கிறதா? அரிசி மாவைத் தூவியது போல் குருத்து வெளுத்திருக்கிறதா? அப்படியானால் அது மாவுப்பூச்சி.

மாவு போலத் தெரிவது பூச்சியின் உடம்பிலிருந்து வரும் ஒருவகை மெழுகு. அந்தப் போர்வைக்குள்ளே மஞ்சள் நிறத்தில் மெத்தென்று ஒரு சிறு உயிர் இருக்கிறது. நசுக்கினால் மஞ்சளாகச் சாறு வரும். பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஆண் பூச்சிக்கு மட்டும் இறக்கை உண்டு. ஊசி போன்ற வாயை இலைக்குள் செலுத்திப் பெண் பூச்சி சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஒரு பூச்சி உறிஞ்சினால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு பெண் பூச்சி 100 முதல் 600 முட்டை வரை இடுகிறது. முட்டைகளைப் பஞ்சு போன்ற ஒரு பைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும். நாலு மாதத்தில் எத்தனை ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இலை சுருளும், மஞ்சளாகும், உதிரும். காய் பெருக்காது. பிஞ்சு விழும். கடைசியில் மரமே பட்டுப்போகும்.

எறும்பு கட்டும் கோட்டை

மாவுப்பூச்சி இருக்கும் மரத்தில் எறும்புச் சாரி போவதைப் பார்க்கலாம். எறும்புக்கு அங்கே என்ன வேலை?

மாவுப்பூச்சி உறிஞ்சும் சாறு சர்க்கரை நிறைந்தது. அதற்கு வேண்டியது போக மிச்சத்தை இனிப்பான நீராக வெளியே விட்டுவிடுகிறது. அந்தத் தேன் நீருக்குத்தான் எறும்பு வருகிறது. நாம் மாடு வைத்துப் பால் கறப்பது போல, எறும்பு இந்தப் பூச்சிகளை வைத்துத் தேன் கறக்கிறது. மாட்டுக்குக் காவல் இருக்க மாட்டோமா? அதுபோல எறும்பும் காவல் இருக்கிறது. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் வேறு பூச்சிகளைக் கடித்து விரட்டுகிறது. குஞ்சுகளை ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்குக் கொண்டுபோவதும் உண்டு.

எறும்பு குடித்தது போக மிஞ்சிய தேன் நீர் இலையில் படிகிறது. அதன்மேல் கரி பூசியது போல் ஒரு பூஞ்சணம் வளர்கிறது. வெயில் படாமல் இலை உணவு தயாரிக்க முடியாமல் தவிக்கிறது. பூச்சியால் ஒரு கெடுதல், பூஞ்சணத்தால் இன்னொரு கெடுதல்!

எங்கிருந்து வந்தது?

பப்பாளி நம் நாட்டு மரம் அல்ல. மெக்சிகோவும் அதைச் சுற்றியுள்ள மத்திய அமெரிக்க நாடுகளும்தான் அதன் தாயகம். போர்ச்சுகீசியர் கப்பலேறி வந்த காலத்தில் அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. மாவுப்பூச்சிக்கும் சொந்த ஊர் அதே மெக்சிகோதான். ஆனால் மரம் வந்தபோது பூச்சி கூட வரவில்லை. பல நூறு வருஷம் கழித்து அது கிளம்பியது.

1990-களில் மேற்கிந்தியத் தீவுகளில் பரவியது. 1998-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காணப்பட்டது. பிறகு பசிபிக் கடல் தீவுகள், பிறகு இந்தோனேசியா. 2008-இல் இலங்கையிலும் இந்தியாவிலும் கால்வைத்தது. இந்தியாவில் முதன்முதலாக அதைக் கண்டது கோயம்புத்தூரில்தான்.

பழத்தோடும் செடியோடும் ஒட்டிக்கொண்டு இந்தப் பூச்சி கடல் தாண்டுகிறது. ஊருக்குள் பரவ இன்னும் சுலபமான வழிகள் உண்டு. குஞ்சுகள் மிக லேசானவை. காற்று அடித்துக்கொண்டு போகும். தோட்டத்தில் நடந்தவரின் துணியில் ஒட்டும். பறித்த பழத்தோடு சந்தைக்குப் போகும்.

பட்டுப்பூச்சி பட்டினி

பப்பாளி மாவுப்பூச்சி என்று பெயர் இருந்தாலும் அது பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, கத்தரி, தக்காளி, பருத்தி, தேக்கு என்று கண்டதையெல்லாம் பிடித்தது. மலைப்பக்கத்து வீடுகளில் வளரும் வெண்ணெய்ப் பழ மரத்தையும் அது விடாது. வழியோரத்துப் பார்த்தீனியம் செடியில் கூடத் தங்கிக்கொள்ளும்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். பட்டுப்பூச்சிக்கு உணவு மல்பெரி இலை ஒன்றுதான். அந்த இலையில் மாவுப்பூச்சி விழுந்தது. மருந்து அடித்தால் என்ன ஆகும்? மருந்து அடித்த இலையைத் தின்றால் பட்டுப்பூச்சி செத்துப்போகும். அடிக்காவிட்டால் இலையே இல்லை. இந்த இக்கட்டில் பலர் மல்பெரித் தோட்டத்தை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் மரவள்ளி. நாம் பாயசம் வைக்கிற ஜவ்வரிசி இந்தக் கிழங்கிலிருந்துதான் தயாராகிறது. அங்கேயும் குருத்துகள் வெளுத்துச் சுருண்டன. கிழங்கு பெருக்கவில்லை. கடன் வாங்கிச் சாகுபடி செய்தவர்கள் தலையில் கைவைத்தார்கள்.

மருந்து ஏன் பலிக்கவில்லை?

“கடையில் எத்தனையோ மருந்து இருக்கிறதே, வாங்கி அடித்தால் தீர்ந்தது” என்று தோன்றும். விவசாயிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு மருந்து அடித்தார்கள். பத்து நாளில் பூச்சி திரும்பி வந்தது. வேறு மருந்து அடித்தார்கள். மறுபடியும் வந்தது.

இதற்குக் காரணங்கள் உண்டு. பூச்சியின் மேல் மெழுகு இருக்கிறது. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வது போல, மருந்தும் ஒட்டாமல் வழிந்துவிடும். முட்டை பைக்குள் பத்திரமாக இருக்கிறது. கூட்டம் இலையின் அடியில் ஒளிந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று. மருந்து மாவுப்பூச்சியை அரைகுறையாகத்தான் கொல்கிறது. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் நல்ல பூச்சிகளையோ முழுக்கக் கொன்றுவிடுகிறது. அவற்றில் பலவற்றுக்கு மெழுகுப் போர்வை கிடையாதே! காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்துவைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே?

எதிரியைத் தேடி

அப்போது விஞ்ஞானிகள் ஒரு கேள்வி கேட்டார்கள். மெக்சிகோவில் இந்தப் பூச்சி காலம் காலமாக இருக்கிறது. அங்கே ஏன் பப்பாளி அழிந்துபோகவில்லை?

அங்கே அதற்கு ஓர் எதிரி இருக்கிறது. அதுதான் காரணம். பூச்சி மட்டும் தப்பி வந்துவிட்டது; அதன் எதிரி சொந்த ஊரிலேயே நின்றுவிட்டது. எதிரி இல்லாத ஊரில் பூச்சி பெருகியது. எனவே எதிரியையும் கொண்டுவந்து விட்டால் என்ன?

1999-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மெக்சிகோவில் தேடி, மாவுப்பூச்சியை அழிக்கும் சிறு குளவிகளைக் கண்டுபிடித்தார்கள். போர்ட்டோ ரிக்கோ தீவில் அவற்றை வளர்த்தார்கள். 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மூன்று வகைக் குளவிகள் அங்கிருந்து பெங்களூர் வந்து சேர்ந்தன. மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையம் அவற்றை வரவழைத்தது.

வந்ததும் திறந்துவிட்டுவிடவில்லை. தனி அறையில் அடைத்துவைத்துச் சோதித்தார்கள். பட்டுப்பூச்சியைத் தொடுமா? மற்ற நல்ல பூச்சிகளுக்குத் தீங்கு செய்யுமா? ஒன்றை ஒழிக்க வந்தது இன்னொரு தொல்லையாகிவிடக் கூடாதல்லவா? தீங்கில்லை என்று உறுதியான பிறகுதான் வெளியே விட அனுமதி கிடைத்தது.

குளவியைப் பெருக்க வேண்டுமானால் அதற்கு இரையாக மாவுப்பூச்சி வேண்டும். மாவுப்பூச்சிக்கோ செடி வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். நம் அடுக்களையில் முளைவிட்டுப் போகிறதே உருளைக்கிழங்கு, அதுதான்! முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்தார்கள். அந்த மாவுப்பூச்சியில் குளவியை வளர்த்தார்கள். 2010 அக்டோபரில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் குளவிகள் விடப்பட்டன. பிறகு மாவட்டம் மாவட்டமாக விவசாயிகளுக்கு வழங்கப்பட்டன.

குளவி செய்யும் வேலை

குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்தக் குளவி ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. மனிதரைக் கொட்டாது. எதிரில் பறந்தாலும் தூசி என்றுதான் நினைப்போம். மூன்று வகைகளில் நம் ஊரில் மிக நன்றாக நிலைத்துவிட்டது அசிரோபேகஸ் பப்பாயே என்பது.

பெண் குளவி மாவுப்பூச்சிக் குஞ்சைத் தேடிப் போகிறது. அதன் உடம்புக்குள் முட்டையை வைக்கிறது. முட்டையிலிருந்து வரும் புழு உள்ளே இருந்தபடியே மாவுப்பூச்சியைத் தின்று வளர்கிறது. மாவுப்பூச்சி உப்பி, இறுகி, பழுப்பு நிறக் கூடாகிவிடுகிறது. சில நாளில் அந்தக் கூட்டில் ஒரு துளை விழும். அதன் வழியே புதுக் குளவி வெளியே வரும். வந்ததும் அடுத்த மாவுப்பூச்சியைத் தேடிக் கிளம்பும்.

முட்டையிலிருந்து குளவியாக ஏறக்குறைய இரண்டு, மூன்று வாரம்தான். மாவுப்பூச்சியைவிட வேகமாக அது பெருகுகிறது. நாம் கையெட்டாத உயரத்து இலைக்கும் அது போகும். வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு மரத்துக்கும் போகும்.

சில மாதங்களில் மாற்றம் தெரிந்தது. வெளுத்த குருத்து பச்சையானது. மருந்து அடிப்பதை நிறுத்திய தோட்டங்களில் குளவி நன்றாகப் பிடித்துக்கொண்டது. 2011-ஆம் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலான இடங்களில் தொல்லை அடங்கிவிட்டது. பிடுங்கிப்போட்ட இடங்களில் மல்பெரியை மறுபடியும் நட்டார்கள்.

பூச்சியை விட்டுத் தொல்லையை ஒழிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் நம் நிலங்களில் சப்பாத்திக் கள்ளி முள்காடாகப் பரவிக் கிடந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு கள்ளிப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கள்ளியைத் தின்றே நிலத்தை மீட்டுக் கொடுத்தது. அந்தப் பூச்சியும் வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுதான்! ஒரு பஞ்சுப்பூச்சி நமக்கு உதவியது. இன்னொன்று உபத்திரவம் செய்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

உங்கள் மரத்தில் மாவுப்பூச்சியைக் கண்டால் பதற வேண்டாம். மரத்தை வெட்டவும் வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்.

முதலாவது: வாரம் ஒரு தரம் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெயில் காலத்தில் இது மிகவும் அவசியம். வறண்ட நாளில்தான் பூச்சி பெருகும். நல்ல மழை பெய்தால் குறையும்.

இரண்டாவது: ஓரிரண்டு இலையில் மட்டும் இருந்தால் அந்த இலைகளை நறுக்கிவிடுங்கள். நறுக்கியதை வேலி ஓரத்தில் வீசாதீர்கள். சோப்புத் தண்ணீரில் முக்கி, குழியில் புதைத்துவிடுங்கள்.

மூன்றாவது: குழாய் வசதி இருந்தால் இலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதிப் பூச்சி அதிலேயே உதிர்ந்துபோகும். செலவே இல்லாத வைத்தியம் இது.

நான்காவது: அப்படியும் போகாவிட்டால் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் துணியில் வடிகட்டுங்கள். ஒட்டிக்கொள்வதற்காகக் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து விடுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து, மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பப்பாளி இலை மென்மையானது. பிறகு வெயில் தாழ்ந்த சாயங்கால நேரத்தில், பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும், இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு தரம் தெளிக்கலாம்.

ஐந்தாவது: எறும்பை ஏறவிடாதீர்கள். அடிமரத்தைச் சுற்றித் தடித்த காகிதம் ஒன்றைக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவிவிடுங்கள். மரப்பட்டையில் நேராகத் தடவக் கூடாது. காவல் போய்விட்டால் குளவிக்கும் மற்ற நல்ல பூச்சிகளுக்கும் வழி திறந்துவிடும்.

ஆறாவது: கொல்லையில் பார்த்தீனியம் முளைத்திருந்தால், கையில் உறை போட்டுக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். செம்பருத்திச் செடி இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சி அங்கே தங்கித்தான் பப்பாளிக்கு வருகிறது.

கடையில் விற்கும் கடுமையான விஷ மருந்துகள் வீட்டுக் கொல்லைக்கு வேண்டவே வேண்டாம். பழம் பறித்துச் சாப்பிடுவது உங்கள் குழந்தைகள். மரத்தடியில் விளையாடுவதும் அவர்கள்தான்.

நண்பனை நசுக்காதீர்கள்!

வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி என்று நினைத்துவிடக் கூடாது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஒரு பொறிவண்டு உண்டு. வண்டு கறுப்பாக இருக்கும். தலை செம்மஞ்சளாக இருக்கும். அதன் புழுவுக்கு மாவுப்பூச்சி என்றால் உயிர். ஆனால் அந்தப் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சி வேஷத்திலேயே திரியும்! எப்படி அடையாளம் காண்பது? மாவுப்பூச்சி இருந்த இடத்தை விட்டு லேசில் நகராது. பொறிவண்டின் புழு அதைவிடப் பெரிது. மெழுகு இழைகள் நீளம். தொட்டால் விறுவிறு என்று ஓடும். ஓடினால் விட்டுவிடுங்கள். அது நம் ஆள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குப் பக்கத்தில், இலையில் குட்டிக் குரங்கு முகம் ஒன்று ஒட்டியிருப்பது போல் தெரியும். கண், மூக்கு, வாய் எல்லாம் இருக்கும்! அது ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு. அந்த வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தின்னாது. மாவுப்பூச்சியைத் தின்று வளரும். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். காட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

உப்பி, இறுகி, பழுப்பாகித் துளை விழுந்த மாவுப்பூச்சிகளைக் கண்டாலும் சந்தோஷப்படுங்கள். குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மரத்தில் வேப்பங்கொட்டைச் சாறுகூடத் தெளிக்காமல் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். துளை விழாத பழுப்புக் கூடுகள் உள்ள இலை இருந்தால், அதை வேறொரு மரத்தில் செருகிவைக்கலாம். உள்ளிருந்து குளவி வந்து அங்கேயும் வேலையைத் தொடங்கும்.

மறுபடியும் வந்தால்?

2020-இல் கேரளத்தில் திருச்சூர் பக்கத்தில் மரவள்ளியைத் தாக்கும் வேறொரு மாவுப்பூச்சி காணப்பட்டது. அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை நம்பிப் பிழைத்த மக்களைப் பட்டினிக்குத் தள்ளப் பார்த்தது. தென் அமெரிக்காவில் தேடிப் பிடித்த ஒரு குளவிதான் அங்கேயும் காப்பாற்றியது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் என்ற ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானிக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே இனக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

இன்னும் புதுப் பூச்சிகள் வரலாம். கப்பலும் விமானமும் ஓடும் வரையில் அவற்றைத் தடுத்துவிட முடியாது. ஆனால் நாம் செய்யக்கூடியது உண்டு. வெளிநாட்டுக்குப் போய் வரும்போது ஆசைப்பட்டு ஒரு செடியையோ பழத்தையோ பைக்குள் ஒளித்துக்கொண்டு வராதீர்கள். விமான நிலையத்தில் செடிகளைச் சோதிப்பது தொல்லை கொடுப்பதற்காக அல்ல. இதுவரை காணாத பூச்சி ஒன்று உங்கள் மரத்தில் தெரிந்தால், அந்த இலையைப் பையில் போட்டு நன்றாகக் கட்டி, பக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மை அலுவலகத்திலோ காட்டுங்கள். சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் வழி பிறக்கும்.

இன்று சாயங்காலம் கொல்லைப்பக்கம் போகும்போது பப்பாளி இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது இருந்தால், மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் அது ஓடுகிறதா, ஒட்டியிருக்கிறதா, துளை விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள். உங்களுக்கு முன்னாலேயே குட்டிக் குளவி அங்கே வந்து வேலையைத் தொடங்கியிருக்கலாம்!